கொக்கோ, கொடியோ?



சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் உளவியல் முதலாண்டு பயிலும் நம் பேத்தி தன் பாடநூலைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்து, "பாட்டி, இதெல்லாம் நீங்களும் ட்ரெயினிங்கில் படித்ததுதானே?" என்று கேட்டாள். ஆம், படித்ததுதான். 1967 முதல் 1969 வரை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இருந்தபோது நமக்கு அதனை உளநூல் என்னும் பெயரால் போதித்தார்கள். ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் 1879-ஆம் ஆண்டு வுண்ட் என்னும் பேராசிரியர் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தது தொடங்கி, பாவ்லாவின் நாய் உணவைக் காணுமுன்பே ஓசையைக் கேட்டு உமிழ்நீர் சுரந்தது வரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதினோம், தேர்வில் ஒப்பித்தோம், பின்னர் மறந்தோம். புலனுணர்ச்சி, புலன்காட்சி, கவனம், கற்றல், நினைவு, மறதி என அன்று நாம் படித்த அதிகாரங்கள் பேத்தியின் நூலிலும் இருந்தன. ஆயினும் இம்முறை அவற்றைப் படிக்குங்கால், உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரமும் அருகில் அமர்ந்து பேசுவது போல நமக்குத் தோன்றிற்று.

முதலில் மகிழ்ச்சி தந்த இடத்தைச் சொல்லிவிடுகிறோம். ஃபெக்னர் என்பார் 1860-இல் வெளியிட்ட நூலில், ஓசையோ ஒளியோ ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே உணரப்படும் என்றும், அவ்வெல்லைக்குக் கீழே புலன் தூண்டப்பட்டாலும் நாம் அறிவதில்லை என்றும் ஆராய்ந்தார். பூஜ்யபாதர் தத்துவார்த்த சூத்திரத்துக்கு வகுத்த சர்வார்த்தசித்தி உரையிலோ புதிய மண் அகல் ஒன்று உவமையாக வருகிறது. சூளையிலிருந்து வந்த அகலில் இரண்டு மூன்று துளி நீர் விட்டால் அது ஈரமாவதில்லை. துளிகள் அகலுக்குள்ளே மறைந்துவிடும். மேலும் மேலும் துளிகள் விழ, ஏதோ ஒரு துளியில் அகல் நனைந்து காட்டும். செவி முதலிய புலன்களில் பொருள் வந்து படிந்தும் அறிவு இன்னும் தெளியாத அந்நிலைக்கு வியஞ்சனாவக்கிரகம் என்று பெயர். கண்ணுக்கும் மனத்துக்கும் இந்நிலை இல்லை என்பதும் சூத்திரத்தின் துணிபு.

இதனைக் கேட்டவுடன், "எல்லாம் நம் ஆகமத்தில் அன்றே இருக்கிறது" என மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. நாம் அக்கூட்டத்தில் சேர விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் எடைக்கற்களை வைத்து ஆயிரம் முறை அளந்தவரின் உழைப்பு வேறு. ஆன்மா கன்மத் தளையினின்று விடுபட வேண்டும் என்னும் கருணையால் அறிவின் வகைகளைப் பகுத்த ஆசாரியரின் நோக்கம் வேறு. இரண்டையும் தனித்தனியே மதிப்பதே முறை. நமக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஏன் தேவைப்பட்டன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஞானாவரணீய கன்மத்தின் க்ஷயோபசமத்தால், புலன்களையும் மனத்தையும் துணையாகக் கொண்டு தோன்றுவது மதிஞானம். அது நான்கு படிகளில் நிகழும். வானத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, அது அவக்கிரகம். இது கொக்கோ, கொடியோ என மனம் ஆராய்கிறது, அது ஈஹா. (தமிழில் ஈகை என்று எழுதிவிட்டால் கொடை என்றாகிவிடும், ஆதலால் வடமொழி ஒலியையே வைத்துக்கொள்கிறோம்.) சிறகடித்து எழுந்தும் தாழ்ந்தும் பறத்தலால் இது கொக்கே, கொடியன்று எனத் துணிவது அவாயம். காலையில் கண்ட அந்தக் கொக்கே இது எனப் பின்னர் அறியுமாறு உள்ளத்தில் தங்குவது தாரணை. இந்நான்கையும் ஐம்புலன்களோடும் மனத்தோடும் பெருக்கி, அதனை விரைவு, மெதுவு முதலான பன்னிரண்டு வகைகளால் பெருக்கினால் 288 வரும். வியஞ்சனாவக்கிரகத்தின் 48 வகைகளைச் சேர்த்தால் 336. கணக்கு வகுப்பு எடுத்த கைக்கு இப்பெருக்கல் இனிக்கிறது. ஆனால் நம் வாழ்வில் இடறியது அந்த 336-இல் இல்லை. இரண்டாம் படி ஒன்றில்தான்.

1978-ஆம் ஆண்டு. அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தோம். மாணவர் சுற்றுலாவுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். நண்பகல் உணவு வேளையில் சாக்குக்கட்டிப் பெட்டியை எடுக்க வகுப்புக்குள் நுழைந்தபோது, முதல் பெஞ்சின் அருகே ஒரு சிறுமி குனிந்திருந்தாள். நம்மைக் கண்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். பிற்பகலில் அதே பெஞ்சில் அமரும் மற்றொரு சிறுமி, பையில் வைத்திருந்த பணத்தைக் காணவில்லை என்று அழுதாள்.

தலைமையாசிரியர் அறையில் நம்மிடம் கேட்கப்பட்ட வினா இது: "பைக்குள்ளே கையை விட்டதை நீங்கள் பார்த்தீர்களா, டீச்சர்?" நாம் சற்றும் தயங்கவில்லை. "ஆம், நம் கண்ணாலேயே பார்த்தோம்" என்றோம். அந்தச் சிறுமி, "இல்லீங்க டீச்சர், பென்சில் விழுந்துடுச்சு, அதை எடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் அவள் தகப்பனார் வந்தார். கூலி வேலை செய்பவர். வாசற்படிக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல்லும் பேசாமல் மகளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

நான்காம் நாள் பணம் கிடைத்தது. பணத்தைத் தொலைத்ததாகச் சொன்ன சிறுமியின் கணக்கு நோட்டுக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டையின் மடிப்புக்குள், அவள் பத்திரமாக வைத்து மறந்த இடத்திலேயே அது இருந்தது. அன்று மாலையே நாம் அந்த வீட்டைத் தேடிப் போனோம். குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர்ச் சூளை என்று அக்கம்பக்கத்தார் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டும் விசாரித்தோம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடிட்டதும் நாமே.

நீண்ட காலம் இதனை நம் அவசரம் என்றே எண்ணி வருந்தினோம். அவசரம் மட்டுமன்று என்பதைப் பேத்தியின் பாடநூல் காட்டிற்று. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட சோதனை அதில் விரிவாக இருந்தது. மாணவர் 150 பேருக்கு ஒரு கார் விபத்தைக் காட்டும் சிறு படம் திரையிடப்பட்டது. பின்னர் ஐம்பது பேரிடம், கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் நொறுங்கியபோது என்னும் சொல்லை விடுத்து, இடித்துக்கொண்டபோது என்ற அளவில் கேட்டார்கள். எஞ்சிய ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து அனைவரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவினார்கள். அப்படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆயினும் நொறுங்கிய என்னும் சொல்லைக் கேட்டவருள் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இடித்த என்னும் சொல்லைக் கேட்டவருள் அவ்வாறு சொன்னவர் 7 பேர். ஒன்றும் கேட்கப்படாதவருள் 6 பேர்.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். தலைமையாசிரியர் அறைக்குள் நுழையும் வரை நம் உள்ளத்தில் இருந்தது குனிந்த முதுகு ஒன்றே. பையும் கையும் அந்த வினாவில் இருந்தன. வினா முடிவதற்குள் அவை நம் நினைவில் குடியேறிவிட்டன. கேட்டவர் மீது நாம் குறை காணவில்லை. எவரும் கேட்கக்கூடிய வினாவே அது. ஆனால் அந்த இடத்தில் நிகழ வேண்டியிருந்த ஈஹா நம்மிடம் நிகழவில்லை. கொக்கோ, கொடியோ என ஒரு கணமும் மனம் நிற்கவில்லை. பணத்தைப் பறிகொடுத்ததாக அழுதவள் வகுப்பில் முதல் மாணவி, சலவை மடிப்புக் கலையாத பாவாடை அணிந்து வருபவள். மற்றவளுக்கு இருந்தது கிழிசல் பாவாடை ஒன்றுதான். ஒருவரிடம் ஒரு நற்பண்பைக் கண்டால் மற்ற பண்புகளையும் நல்லனவாகவே மதிப்பிடுவதைத் தார்ண்டைக் என்பார் 1920-இல், படை அதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பெண்களிலிருந்தே எடுத்துக்காட்டினார். அதன் மறுபுறமும் உண்டு என்பதைக் கிழிசல் பாவாடை நமக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருந்தோம் என்பதுதான் வெட்கம்.

நினைவு தேயும் என்பது மட்டுமே நாம் அறிந்திருந்தது. எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து 1885-இல் எழுதிய கணக்கின்படி, கற்றதில் ஒரு நாளில் எஞ்சுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு; ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தேய்வதைத் தாங்கிக்கொள்ளலாம். இல்லாதது வந்து சேர்ந்து, இருந்ததைப் போலவே தெளிவாக நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. உரையாசிரியர் காட்டும் தாரணை, கண்டு துணிந்ததை மறவாமல் காப்பது. துணிவே பிழையாயின் அதனையும் உள்ளம் அதே உறுதியோடு காத்து வைக்கும் என்பதை நாம் இச்சோதனையோடு சேர்த்து வைத்தே உணர்ந்தோம்.

"நீங்கள் பொய் சொல்லவில்லையே, பார்த்ததாக நம்பித்தானே சொன்னீர்கள்?" என்று பேத்தி கேட்டாள். நம்மைத் தேற்றவே அவ்வாறு கேட்டாள். ஆயினும் வாய்மை அணுவிரதம் அவ்வளவு எளிதில் நம்மை விடுவதில்லை. பிரமாதத்தோடு கூடிய தீச்சொல்லே பொய் என்பது சூத்திரத்தின் இலக்கணம். பிரமாதம் என்றால் இன்று மிகச் சிறப்பு என்று பொருள்; ஆகமத்தில் அதற்குப் பொருள் விழிப்பின்மை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதால் விழிப்பின்மை நீங்கிவிடாது. நம் நாவினால் ஓர் உயிர் புண்பட்டது. ஒரு சிறுமியின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது.

தசலட்சணப் பருவம் முடிந்து மன்னிப்புக் கோரும் நாளில், ஜினாலயத்தில் ஒருவர்க்கொருவர் கைகூப்பி நிற்கும்போது, நாம் அவள் பெயரை மனத்துக்குள் சொல்கிறோம். எங்கிருக்கிறாளோ, இப்போது அறுபதை நெருங்கியிருப்பாள், அவளுக்கும் பேரக்குழந்தைகள் இருக்கலாம். கண்களை மூடினால் அந்த வகுப்பறை தெரிகிறது. முதல் பெஞ்சு தெரிகிறது. அது நடக்கவே இல்லை என்று முழுதும் அறிந்த பின்னரும், அவள் கை இன்றும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. பென்சிலைத்தான் எவ்வளவு முயன்றாலும் காண முடிவதில்லை.