கட்டுண்ட கைகள்

எது முறையென்று அறியாமல் தடுமாறுவது ஒரு துன்பம். அறிந்திருந்தும் அதனைச் செய்யவொட்டாமல் கைகள் கட்டுண்டு கிடப்பது வேறொரு துன்பம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேமிட்டன், செவிலியர் பணி குறித்து 1984-இல் எழுதிய நூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். பின்னதை அறவேதனை என்போம்.

2020 மார்ச்சில் இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதவில்லை. எவருக்கு இடமளிப்பது என்பதற்கு மருத்துவர் சங்கமே நெறிமுறை வெளியிட நேர்ந்தது. தொற்றுக்கு அஞ்சி உறவினர் தடுக்கப்பட்டனர். இறப்பவரின் செவியருகே தொலைபேசியைப் பிடித்து நின்றவர்கள் செவிலியர். பெற்ற மக்கள் அருகிருப்பதே முறையென்று அவர்கள் அறியாமலா இருந்தார்கள்?

இவ்வேதனை வெளியே களைப்பாகத் தெரியும், எரிச்சலாகத் தெரியும், சில வேளை, நோயாளியின் முகத்தைப் பாராமலே மருந்து புகட்டும் மரத்த தன்மையாகவும் தெரியும். நாமோ அதனைக் கல்மனம் என்று ஏசிவிடுகிறோம். (மருத்துவமனை வாயிலில் நின்று நாமும் ஏசியதுண்டு.) நிர்வாகத்தார் நான்கு நாள் விடுப்புத் தருகிறார்கள். களைப்புக்கு ஓய்வு மருந்தாகலாம். மனச்சான்றின் காயத்துக்கு ஆகுமா?

அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் ஒரு வழி வகுத்துள்ளது. தன் நெஞ்சைத் தானே கேட்டு, வேதனையை மெய்யென ஏற்று, அதன் மூலத்தை ஆராய்ந்து, செயலில் இறங்குவது அது. நல்ல வழிதான். ஆயினும் சுமை முழுவதும் துன்புறுபவர் தோளிலேயே ஏறுகிறது என்பது நம் எண்ணம். கூடம் முழுவதற்கும் ஒரே செவிலி போதுமென்று கணக்கெழுதியவரும் இறங்கி வந்து, “எது உங்களைத் தடுத்தது?” என்று கேட்கட்டும். விடை சொன்னவரின் வேலைக்கு ஊறு நேராதிருக்கட்டும்.