பட்டியலில் இல்லாத பெயர்

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எட்டுக் கல்லூரிகளின் பெயர்களை எழுதியிருந்தாள். அத்தையிடம் ஒருமுறை காட்டிவிட்டு வா என்று அண்ணன் அனுப்பியிருந்தார். எட்டும் இருபாலரும் படிக்கும் கல்லூரிகள். நான் படித்த மகளிர் கல்லூரி அதில் இல்லை. அவள் படிக்க விரும்பிய பாடத்துக்கு அந்த எட்டில் பாதியைவிட அங்கே துறை வலுவானது. அது அவளுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"நான் படிச்ச காலேஜ எழுதலையே?" என்றேன்.

"அங்க சேர்ந்தா மறுபடியும் ஸ்கூலுக்கே போற மாதிரி இருக்கும் அத்தை."

அன்று இரவு அண்ணன் ஃபோன் செய்தார். "நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். அங்க போட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

இரண்டு பேருமே அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அதன் நூலகத்தைப் பற்றியோ, ஆசிரியர்களைப் பற்றியோ, அங்கே படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றியோ இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பாவுக்கு மதில் சுவர் பிடித்திருக்கிறது. மகளுக்குப் பிடிக்கவில்லை. இருவர் கண்ணிலும் பட்டது மதில் மட்டும்தான்.

நல்ல பெயர் உள்ள ஒரு கல்லூரி எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்குள் இருக்கிறது. இது விண்ணப்பப் படிவம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. ஒன்றை மதிப்பதற்கான அளவுகோலை நாம் யாரிடமிருந்து வாங்குகிறோம் என்ற அறக்கேள்வியும் இதில் இருக்கிறது.

முதலில் கட்-ஆஃப். கடைசியாக இடம் கிடைத்தவர் எடுத்த மதிப்பெண், அவ்வளவுதான் அது. அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறது. நிறையப் பேர் கேட்டால் கட்-ஆஃப் ஏறும். ஏறியதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் நிறையப் பேர் கேட்பார்கள். குறைவான பேர் கேட்கும் கல்லூரியில் அது இறங்கும். இறங்கியதே அந்தக் கல்லூரியின் குறையாகிவிடும். மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் தொடக்கத்திலேயே இல்லை, ஆண்கள் அங்கே சேர முடியாது. மீதிப் பாதியிலும் ஒரு பகுதி "அது ஸ்கூல் மாதிரி" என்று விலகிவிடுகிறது. எண் இறங்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரிகள் இன்னும் உண்டு. 1871இல் தொடங்கிய நியூன்ஹாம் அவற்றில் ஒன்று. 1954இல் தொடங்கி இன்று மர்ரே எட்வர்ட்ஸ் என்று அழைக்கப்படுவது இன்னொன்று. அங்கே விண்ணப்பிக்கும் மாணவர் தனக்குப் பிடித்த கல்லூரியைக் குறிப்பிடலாம். தகுதியிருந்தும் அங்கே இடமில்லை என்றால் அவர் பெயர் ஒரு பொதுப் பட்டியலுக்குப் போகும். அதிலிருந்து மற்றக் கல்லூரிகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பெண்கள் கல்லூரிகளுக்குக் கணிசமான மாணவிகள் இந்த வழியில்தான் வருகிறார்கள். அதாவது, அந்தக் கல்லூரியைத் தாங்களாகக் கேட்காதவர்கள். பல்கலைக்கழகம் ஒன்று, தேர்வு ஒன்று, பட்டம் ஒன்று. ஆனாலும் முதல் விருப்பத்தில் அந்தப் பெயரை எழுதக் கை போவதில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் பேசப் போனது இந்த நியூன்ஹாமிலும் அதன் மூத்த சகோதரியான கிர்ட்டனிலும்தான். அந்த உரைகளிலிருந்து அடுத்த ஆண்டு வந்த நூலில் இரண்டு சாப்பாடுகளை ஒப்பிடுகிறார். ஆண்கள் கல்லூரியில் மதிய விருந்தும் மதுவும். பெண்கள் கல்லூரியில் இரவுக்கு மாட்டிறைச்சியும், உலர்ந்த பழமும், கஸ்டர்டும், குடிக்கத் தண்ணீரும். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே போய், நம் அம்மாக்கள் ஏன் நமக்குக் காசு விட்டுப்போகவில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் திருமணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் அவளுடையதாக இல்லை. எதை எடுத்து மகளின் கல்லூரிக்குக் கொடுப்பாள்?

கல்லூரியின் பெருமையும் சொத்து போலத்தான், வழிவழியாகக் கைமாறி வருவது. ஆண்கள் படித்த பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர் பெயரில் அரங்கம் இருக்கும், உதவித்தொகை இருக்கும், கல்வெட்டு இருக்கும். நம் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது; நாடு முழுவதற்கும் 2005இல். சட்டம் வந்த பிறகும் அண்ணன் தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் படித்த கல்லூரிக்குக் கட்டடம் எங்கிருந்து வரும்?

காசை விடுங்கள், பேச்சையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் தங்கள் கல்லூரியின் பெயரை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அலுவலகத்தில், ரயிலில், கல்யாண வீட்டில், "நாங்க அந்த பேட்ச்" என்பார்கள். அந்தப் பேச்சில்தான் ஒரு கல்லூரியின் பெயர் அடுத்த தலைமுறையின் காதில் விழுகிறது. பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் பட்டம் அச்சாகிறது, எம்.எஸ்சி., எம்.ஃபில்., என்று. எங்கே படித்தாள் என்பது அச்சாவதில்லை. பிறகு ஊர் மாறுகிறது, பலருக்குப் பெயரின் பின்பாதியும் மாறுகிறது. கல்லூரித் தோழிகள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க இருபது ஆண்டுகள் ஆகின்றன. நானும் இதில் குற்றவாளிதான். வேலை தேடிய காலத்தில் நேர்காணல்களில் என் பல்கலைக்கழகத்தின் பெயரை அழுத்திச் சொல்வேன். கல்லூரியின் பெயரைக் கேட்டால்தான் சொல்வேன். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

சென்னையின் ராணி மேரிக் கல்லூரி 1914இல் தொடங்கியது. நகரத்தின் முதல் மகளிர் கல்லூரி. மெரினாவுக்கு வருகிற எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். 2003இல் அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டபோது மாணவிகள் உள்ளே அமர்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி அங்கேயே இருக்கிறது. எண்பத்தொன்பது வயதான ஒரு கல்லூரியை அகற்றக்கூடிய ஒன்றாக யோசிக்க முடிந்ததே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பெண்களுக்குத் தனியாக ஏன் ஒரு கல்லூரி என்று வகுப்பில் மாணவிகளே கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதவு மூடியிருந்ததால் வந்தவை இவை. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் 1869இலிருந்தே பெண்களுக்குக் கல்லூரி இருந்தும், முழுமையான பட்டம் 1948இல்தான் கொடுத்தார்கள். அதே 1948இல் இங்கே மதுரையில் லேடி டோக், சென்னையில் எத்திராஜ், டெல்லியில் மிராண்டா ஹவுஸ் ஆகியவை தொடங்கின. கதவு திறந்த பிறகு என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது. யேலும் பிரின்ஸ்டனும் 1969இல் இளங்கலைப் படிப்புக்குப் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தன. அறுபதுகளில் இருநூறுக்கும் மேல் இருந்த பெண்கள் கல்லூரிகள் இன்று நாற்பதுக்கும் குறைவு. ஆண்கள் போகும் இடத்துக்குப் பெண்கள் போவது முன்னேற்றம் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெண்கள் கட்டிய இடத்துக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் முழுப் பழியையும் உலகத்தின் மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக முடியாது. இருபது ஆண்டுகளாக ஒரு மகளிர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சேர்க்கைக் காலத்தில் எங்களுக்கு மேசை போட்டு உட்காரவைப்பார்கள். "கேட்ட எத்தன மணிக்கு மூடுவீங்க மேடம்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். "ஆறு மணிக்குங்க. வெளிய போகணும்னா நீங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும். ஃபோன் உள்ள அனுமதி இல்ல" என்று மடமடவென்று ஒப்பிப்பேன். அவர் முகம் மலரும். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டுகள் நாங்கள் விற்றது மதிலைத்தான். மதிலுக்காக வாங்கப்படும் ஒன்று மதிலுக்காகவே மறுக்கப்படும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

மகளிர் கல்லூரி என்றாலே இப்படித்தான் என்பதும் உண்மையில்லை. தேசியத் தரவரிசையில் கல்லூரிகளின் பிரிவில் 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் முதலிடம் மிராண்டா ஹவுஸுக்கு. அங்கே இடம் கிடைக்க நாடு முழுவதிலுமிருந்து பெண்கள் போட்டி போடுகிறார்கள். அவர்களை எந்த அப்பாவின் நிம்மதியும் அங்கே துரத்தவில்லை. 2023 பட்டியலில் நான்காம் இடம் கோவை பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரிக்கு. இதை அண்ணன் மகளிடம் சொன்னபோது "அப்படியா?" என்றாள். நம்பாத 'அப்படியா' இல்லை அது. யாரும் சொல்லியிராத 'அப்படியா'.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபாலர் கல்லூரியில் விழா என்றால் பெண்களுக்குக் கோலமும் வரவேற்பும். எங்களிடம் மேடைக்கு மின்கம்பி இழுப்பதும் பெண்தான், நாடகத்தில் ராவணனும் பெண்தான், தேர்தலில் தோற்று அழுதுவிட்டு மறுநாள் வகுப்புக்கு வருவதும் பெண்தான். கடைசி பெஞ்சு என்று ஒன்று இங்கேயும் உண்டு. அதில் உட்கார்ந்து ஆசிரியரைக் கிண்டல் செய்யும் உரிமையும் பெண்களுக்கே. சொர்க்கம் என்று சொல்லவில்லை. சாதி இங்கேயும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வருகிறது. ஆங்கிலம் பேசுகிறவள், பேசாதவள் என்ற கோடு இங்கேயும் உண்டு.

இந்தக் கேள்வியே ஒரு வசதி என்பதையும் மறக்கக்கூடாது. என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பட்டியல் போடும் வாய்ப்பே இருந்ததில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. அந்தப் பணம் தன் பெயரில் வங்கியில் விழுவதால்தான் வீட்டில் தொடர்ந்து படிக்க விடுகிறார்கள் என்று சொன்ன பெண்ணும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். மகளிர் கல்லூரி என்பதற்காகவே அனுப்பினார்கள், இல்லையென்றால் கல்யாணம். அவளுக்கு அந்த மதில்தான் வாசல். மதிலைக் கேலி செய்யும்போது அவள் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அப்படியானால், தேர்ந்தெடுக்க முடிகிற பெண்ணுக்கு ஏதாவது கடமை உண்டா? மூத்தவர்கள் கட்டியது, அதனால் நீ அங்கே போ என்று சொல்லலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். பெண்களிடம் கடமையின் பெயரால் எதையும் கேட்பதில் எனக்கு அச்சம் உண்டு. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி சுதந்திரம் இல்லையோ, அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவதும் சுதந்திரம் இல்லை. இரண்டிலும் அளவுகோல் அவருடையதுதான். அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, அங்கே யார் பாடம் எடுக்கிறார்கள், லேபில் என்ன இருக்கிறது, நூலகம் எத்தனை மணிவரை என்று பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், அது அவளுடைய வேண்டாம். அதற்கு நான் தலைவணங்குவேன்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லவில்லை. "உங்களுக்கு யாரு அத்தை பாடம் எடுத்தாங்க?" என்று அவளாகக் கேட்டாள். சொன்னேன். எனக்குச் சங்க இலக்கியம் நடத்திய அம்மாவைப் பற்றி, மழைநாளில் மின்சாரம் போன வகுப்பைப் பற்றி, நூலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிய முதல் கவிதையைப் பற்றி. பதினொரு மணியாகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கதையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பதினேழு வயது. பதினேழு வருடங்களாக அதே வீட்டுக்கு வந்துபோகிறாள்.

அவள் வேறு கல்லூரியில் சேர்ந்தாள். நன்றாகப் படிக்கிறாள்.

இந்த ஆண்டும் மேசை போட்டார்கள். ஓர் அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கேட்டு ஆறு மணிக்கு மூடும் என்பதைச் சொன்னேன், பொய் சொல்ல முடியாது. பிறகு, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கும், எந்த அலமாரியிலிருந்தும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் தலையாட்டினார். அது அவருக்கு வேண்டிய பதில் இல்லை. நான் இம்முறை அவர் மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். "எத்தன புக் எடுக்கலாம் மேடம்?" என்று அவள் கேட்டாள்.