பார்க்காதவர் எழுதும் காரணம்

அமெரிக்க மருத்துவமனைகளில் 2015 அக்டோபர் முதல் புழங்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறையில் ஒரு விதி உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தால் போதும். முன்னதால்தான் பின்னது வந்தது என்று அவர் சொல்லாவிட்டாலும், குறியீட்டாளர் இரண்டையும் இணைத்து இ11.22 என்று பதிய வேண்டும். நரம்புப் பாதிப்புக்கும் இதே கதைதான். தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதினால்தான் இணைப்பு அறும். அதே குறியீட்டாளர், ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 11 என்று கண்டாலும், மருத்துவர் நோயின் பெயரை எழுதாதவரை சர்க்கரை நோய் என்று பதியக்கூடாது. கண்ணெதிரே உள்ள சான்றைத் தொடக்கூடாது; யாரும் சொல்லாத காரணத்தை மட்டும் எழுதலாம். அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளில் பலவற்றைச் சென்னையில் அமர்ந்து படிப்பவர்கள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் பதியும் காரணம் எந்த வகை அறிவு?

அதை அறிவு என்றே சொல்ல முடியாது, வசதிக்கான ஏற்பாடு என்றுதான் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைக்கும் தருக்கத்தில் அநைகாந்திகம் என்றொரு குற்றம் வருகிறது: நிறுவவேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படுவதை ஏதுவாகக் காட்டுவது. நரம்புப் பாதிப்பால் கால் மரத்துப்போவது அப்படிப்பட்ட ஏதுதான். குடிப்பழக்கத்தாலும் வரும், வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபார்மினே பி12-ஐக் குறைக்கக்கூடும் என்பதுதான் இதில் வேடிக்கை. நோயின் மேல் விழும் பழி மருந்துக்கு உரியதாக இருக்கலாம். ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகக்கூடிய குறையாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் சர்க்கரை நோய்தானே, ஊகம் பெரும்பாலும் பலிக்குமே என்பார்கள். கூட்டத்தைப் பற்றி அது உண்மை. கோப்போ ஒரே ஒரு ஆளைப் பற்றியது. அவசரத்தில் எழுதும் மருத்துவர்கள் காரணத்தை விட்டுவிடுவதால், விதி இல்லாவிட்டால் நோயின் கேடு குறைவாகவே கணக்கில் ஏறும் என்ற வாதம் இதைவிட வலுவானது. அதை ஏற்கிறேன், விதியை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. பணம்தான் இதற்கெல்லாம் மூலம் என்பவர்களும் உண்டு. மெடிகேர் அட்வான்டேஜ் காப்பீட்டுத் திட்டத்தில், காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகையைக் கணக்கிடும்போது, சிக்கலுள்ள சர்க்கரை நோய்க்கு அதிக எடை இருந்தது மெய்தான். 2024 முதல் படிப்படியாக வந்த புதிய கணக்கீட்டில் நாள்பட்ட சிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடை ஒன்றே. அதன் பிறகும் விதி அப்படியே நிற்கிறது. ஆகவே கேள்வியும் நிற்கிறது.

சிக்கல் விதியில் இல்லை, அதன் தடம் அழிந்துபோவதில் இருக்கிறது. மருத்துவர் ஆராய்ந்து சொன்ன இ11.22-உம் விதி ஊகித்த இ11.22-உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கட்டணப் பதிவுகளை அள்ளி ஆய்வு செய்பவர் இரண்டையும் பிரிக்க வழியில்லை. முதலில் ஊகமாக எடுத்துக்கொண்டதை எண்ணிக் கூட்டி, பிறகு அந்தக் கூட்டுத்தொகையையே ஊகத்துக்குச் சான்றாக நீட்டினால் அது வட்டவாதம். ஊகித்த காரணத்துக்கு ஓர் அடையாள எழுத்தைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஐயம் வந்தால் மருத்துவரிடம் எழுதிக் கேட்கும் வழக்கம் குறியீட்டாளர்களுக்கு ஏற்கெனவே உண்டு. இந்த இடத்தில் மட்டும், கேட்கத் தேவையில்லை என்று விதியே சொல்லிவிடுகிறது.