ஒரு பிரிண்ட் பாக்கி

‘‘தம்பி, படம் அனுப்புவீகள்ல?’’

கல்லூரி நாட்களில், ராமேஸ்வரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். ‘கண்டிப்பா’ என்று விலாசம் வாங்கிக்கொண்டேன். 36 படமும் எடுத்து முடித்து, ரோலைக் கழுவி, பிரிண்ட் போட்டால் அவர் முகம் பிரமாதம்! ஹாஸ்டலில் எல்லோருக்கும் காட்டினேன். அவருக்கு மட்டும் அனுப்பவில்லை. பி.காம். படித்தவன், பாக்கியை எந்தப் பக்கம் எழுதுவது என்று நன்றாகவே தெரியும்.

பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி கோடாக்ரோம் ஃபிலிமில் எடுத்தது. 1985-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் உலகமே பார்த்தது. அந்த ஷர்பத் குலா தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002-ல்! (நான் பரவாயில்லை போலிருக்கே என்று ஓர் அற்ப ஆறுதல்.)

கோடாக்ரோம் தயாரிப்பு 2009-ல் நின்றுபோனது. இப்போது எடுத்த கையோடு செல்போன் திரையைக் காட்டிவிடுகிறோம். அவர்களும் சிரிக்கிறார்கள். கடன் தீர்ந்ததா? அடுத்த நிமிஷமே முன்பின் தெரியாத முன்னூறு பேருக்கு அனுப்புகிறோமே... ‘அனுப்பட்டுமா?’ என்று நீங்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பீர்கள்?

பெரியவரின் நெகட்டிவ் பீரோவில் கிடைத்தது. விலாசம் கிடைக்கவில்லை. ஸ்கேன் பண்ணி நண்பர்கள் குரூப்பில் போட்டேன். ‘சூப்பர்’ என்றார்கள்.