சடமும் தேர்வும்

சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் 40 பேர் வரை மாண்டமை அன்பர் பலர் அறிந்ததே. விருதுநகர் மாவட்டத்தில் இத்தகைய விபத்துகள் அதன் பின்னரும் ஓய்ந்தில. பிழைத்தார் நிலையை ஈண்டு எண்ணுகின்றேம். தீப்புண் ஆறிய தோல் நாளடைவிற் சுருங்கும், கழுத்து மார்பை நோக்கி இழுக்கப்படும், இமை மூடாது, விரல் மடங்கி நிற்கும். பிறிதோரிடத்துத் தோலை எடுத்து ஒட்டி மருத்துவர் இவற்றைத் திருத்துவர். உறுப்பின் தொழில் கெடாது முகம் மட்டும் வடுப்பட்டாரும் உளர். அவர் வேண்டுவது வெறும் அழகு என ஒதுக்கப்படுதல் எளிது.

மருத்துவர் சிலர், வேண்டுவோர் பலர். ஆகலின், முற்படப் பெறத்தக்கார் யாவரெனத் தேரும் பணியைச் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் ஒப்புவித்தல் தகுமோ என்பது வினா. பொறிக்கு விருப்பு வெறுப்பில்லை, பரிந்துரைக்கும் கையூட்டுக்கும் அஃது இணங்காது, வினைபோல் அவரவர்க்கு உரியதை அளந்தூட்டும் என்பார் உளர்.

அவ்வுவமை கொண்டே விடை கூறுவேம். வினை சடமாகலின் செய்தானை அறிந்து தானே சென்று பொருந்தாது. அறிவுடைய முதல்வன் தன் ஆணையாற் கூட்டவே பயன் உயிரைச் சாரும் என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும் துணிபு. அக்கூட்டுதலும் மலந்தீர்க்கும் கருணையே. இனி, வினை அவ்வுயிர் தானே ஈட்டியது. பொறியின் கணக்கோ பிறர் குறிப்புகளினின்று திரண்டது. அமெரிக்காவில் மருத்துவச் செலவையே நோயின் அளவாகக் கொண்ட ஒரு கணிப்புமுறையில், ஒரே மதிப்பெண் பெற்றாருள் கருநிறத்தார் வெண்ணிறத்தாரினும் மிக்க நோயுடையராயிருந்தமை 2019இல் வெளியான ஆராய்ச்சியாற் புலனாயிற்று. கூலியை இழக்கவியலாது பாதி மருத்துவத்தோடு வீடு திரும்பிய தொழிலாளியின் செலவும் சிறிதே. அதுகொண்டு அவள் துன்பமும் சிறிதென்றல் பொருந்துமோ?

தீப்புண் அவர் வினைப்பயன், நாம் செய்வது என் எனின், அற்றன்று. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரர், கண் வேண்டிப் பாடிக் கச்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றும் பெற்றார். காரைக்காலம்மையாரோ எழிலுடம்பை உதறிப் பேய்வடிவு வேண்டினார். உருவம் ஒருயிர்க்கு யாதாகின்றது என்பதை அவ்வுயிரை வினவியே அறிதல் கூடும். வடுவை அளந்து அறிதல் கூடாது.

ஆகவே பொறி கணக்கனாயிருக்கலாம், தீர்ப்பவனாதல் ஆகாது. அது பின்னிறுத்திய ஒவ்வொருவரையும் மருத்துவர் நேரிற்கண்டு, அவர் சொற்கேட்டு, மறுப்பதாயின் காரணத்தைத் தம் வாயாற் கூறக் கடவர். மறுத்தற்குப் பொறுப்பேற்பார் ஒருவர் இல்லாவிடத்து மறுப்பு முறையாகாது என்பதே எமது துணிபு.