யார் போட்ட பாதை?

மஃபாத்துக்குச் சாலை கிடையாது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் ரீயூனியன் தீவின் உட்பகுதியில், செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த பெரிய பள்ளம் அது. சில நூறு பேர் அங்கே வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டு, சின்னக் கடைகள் உண்டு, கோயில் மணி மாதிரி மணி தொங்கும் குட்டித் தேவாலயமும் உண்டு. கார் மட்டும் போகாது. போகணும்னா நடக்கணும். கனமான சரக்கெல்லாம் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வரும்.

நடப்பதையே ஒரு வழிபாடாக ஆக்கிக்கொண்ட நம் காலத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆட்கள் முதுகுப்பையோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: மேகத்துக்கு மேலே எழுந்த காலை, மர அளவுக்கு வளர்ந்த பெரணிச் செடிகள், காலுக்கடியில் கருத்த எரிமலைக் கல், ராத்திரி விடுதியில் சூடான சோறும் குழம்பும். எல்லாம் உண்மை. ஆனால் 'மஃபாத்' என்ற பெயருக்கு மலகாசி மொழியில் 'கொல்பவன்' என்று பொருள் சொல்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தில் ஒளிந்திருந்த, தப்பியோடிய அடிமைகளின் தலைவன் ஒருவனின் பெயராம் அது. பக்கத்துப் பள்ளம் சிலாவோஸ். அதற்கும் மலகாசி வேர் காட்டி, 'யாரும் விட்டுப் போகாத இடம்' என்று விளக்குகிறார்கள். சிமாந்தெஃப், திமித்தில், ஆன்ஷேங் என்று நாம் வரைபடத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போகும் மலைகளெல்லாம் ஓடிப்போனவர்களின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பவை.

ஒருவன் உயிருக்குப் பயந்து ஒளிந்த இடத்தில் இன்னொருவன் சந்தோஷமாக நடக்கலாமா? கேட்டவுடனே 'அதெல்லாம் பார்த்தா உலகத்துல எங்கயும் கால் வைக்க முடியாது' என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு நடையைக் கட்டுபவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் பதில் கேள்வியைத் தீர்ப்பதில்லை, ஒத்திப்போடுகிறது.

முதலில் பயம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். அன்றைக்குத் தீவின் பெயர் பூர்போன். பிரெஞ்சுக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள். மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியக் கடற்கரை என்று பல இடங்களிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போனவனை 'மரோன்' என்றார்கள். வீட்டில் வளர்ந்து காட்டுக்குப் போய்விட்ட கால்நடைக்கு ஸ்பானிய மொழியில் இருந்த சொல்லிலிருந்து வந்தது அது. 1723இல் தீவுக்கென்று வந்த சட்டம் கணக்கு வைத்திருந்தது: ஒரு மாதம் ஓடியிருந்தால் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போடுவது; இரண்டாம் தடவை என்றால் பின்னங்கால் நரம்பை வெட்டி இன்னொரு தோளிலும் சூடு; மூன்றாம் தடவை மரணம். கவனியுங்கள், இரண்டாவது தண்டனை நடக்கும் உறுப்பைக் குறிவைக்கிறது. அவன் ஏறிய மலையில்தான் இன்றைக்கு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு நாம் ஏறுகிறோம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அழகான பதில் ஒன்று இருக்கிறது: அவர்கள் நடந்த பாதையில் நடப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. கேட்க நன்றாக இருக்கிறது. யோசித்தால் நிற்காது. தப்பியோடுகிறவன் பாதை போடுவானா? பாதை என்றால் தடம். தடம் என்றால் துரத்துகிறவனுக்குக் கிடைத்த வழிகாட்டி. அவன் பிழைத்ததே பாதை இல்லாததால்தான். தீவின் உட்பகுதிக்குள் வழி கண்டுபிடித்து, திரும்பத் திரும்பப் போய்வந்தவர்களில் முக்கியமானவர்கள் மரோன் வேட்டைக்காரர்கள். ஃபிரான்சுவா முசார் என்ற பெயர் இந்தத் தொழிலில் பேர்போனது. பின்னாளில் நிலம் தேடி மேலே ஏறிய ஏழை வெள்ளையர்களும் விடுதலையானவர்களும் வந்தார்கள்; அதற்கப்புறம் வனத்துறை வந்து படிக்கட்டு வெட்டியது, அறிவிப்புப் பலகை நட்டது. ஆக, குறி போட்ட பாதையில் நடக்கிற நான் தப்பியோடியவனின் காலடியில் கால் வைக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால், அவனைத் தேடி வந்தவர்களின் வழியோடுதான் என் வழிக்கு உறவு அதிகம்.

இதைவிட மோசமான பதில் ஒன்றும் உண்டு, உடம்பு சொல்கிற பதில். தீவின் குறுக்கே, மஃபாத்துக்குள்ளும் புகுந்து போகும் ஓட்டப்பந்தயம் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கிறது. பெயர் 'பைத்தியங்களின் மூலைவிட்டம்'. ஏறத்தாழ 165 கிலோமீட்டர். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். நான் பெரிய ஓட்டக்காரன் இல்லை, ஆனால் மூணாவது நாள் இறக்கத்தில் தொடை நடுங்கும்போது 'அவங்களும் இப்படித்தானே கஷ்டப்பட்டிருப்பாங்க' என்ற எண்ணம் எட்டிப்பார்க்கத்தான் செய்தது. அந்த எண்ணத்தை அங்கேயே கிள்ளி எறிய வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்திவிடக்கூடிய வலிக்கும் நிறுத்த முடியாத வலிக்கும் நடுவே உறவே இல்லை. விரதம் இருக்கிறவனும் பட்டினி கிடக்கிறவனும் சாப்பிடவில்லை என்பது வரைக்கும்தான் ஒற்றுமை.

சரி, அப்படியென்றால் தலையைக் குனிந்து, துக்க வீட்டுக்குப் போவது மாதிரிப் போக வேண்டுமா? அதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது ஓடிப்போனவர்களை வெறும் வேதனையாகச் சுருக்கிவிடுகிறது. சிலாவோஸ் பக்கம், 2,000 மீட்டருக்கு மேலே, கல்லை அடுக்கிக் கட்டிய சிறு தங்குமிடங்களைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். பறவை எலும்புகள் கிடைத்தன. யாரோ அங்கே பறவையைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் பெயர் குடித்தனம். ஆன்ஷேங் மலையைப் பற்றிய தீவின் கதையிலும் ஆன்ஷேங், ஹேவா என்ற கணவன் மனைவி உச்சியில் வீடு கட்டிப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். ஓடிப்போவது சாவதற்கு மட்டுமென்றால் யார் ஓடுவார்கள்? காலையில் மேகம் விலகி மலை தெரிகிற நிமிஷத்தை அவர்களுக்கு மறுத்துவிட்டு, அந்த அழகை நமக்கு மட்டும் வைத்துக்கொள்வது எப்படி மரியாதையாகும்?

எரிமலைப் பக்கம் போனால் இந்தக் கேள்வியெல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். பித்தோன் த லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர், உலகத்திலேயே அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. விளிம்பிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் படி இறங்கினால் கறுப்புப் பாலைவனம். தரையில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளிகள். மூடுபனி வந்தால் அந்தப் புள்ளிதான் தெய்வம். ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் சிவப்புக் கூம்பு 1753இல் பிறந்தது. உச்சியின் பெருவாய் 2007 ஏப்ரலில் சுமார் 300 மீட்டர் உள்ளே சரிந்தது. இதை வாசிக்கிற பலரைவிடச் சின்ன வயதுப் பாறைமேல் நடக்கலாம். யாருக்கும் பாத்தியதை இல்லாத நிலம், யாரும் அழாத நிலம். அங்கே மனசு லேசாகிறது. 'தீண்டப்படாத இயற்கை' என்ற சொல் அங்கேதான் நாக்கில் வந்து உட்காரும்.

அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. காட்டையே எடுத்துக்கொள்வோம். 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இந்த எரிமலைச் சரிவில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, உலகச் சாதனை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே 1,400 சொச்சம்தான். இப்படிப்பட்ட மழையும், சோழி உருட்டினால் அடிவாரத்தில் போய் நிற்கும் சரிவும்தான் உள்காட்டைத் தோட்டக்காரனின் கோடரியிலிருந்து காப்பாற்றின. அதே மழையும் அதே சரிவும்தான் ஓடிவந்தவனையும் காப்பாற்றின. காடு மிஞ்சியதற்கும் மனிதன் ஒளிந்ததற்கும் காரணம் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்தால்தான் 'தீண்டப்படாத' என்று சொல்ல முடியும்.

2010இல் யுனெஸ்கோ இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இயற்கைப் பாரம்பரியம் என்ற தலைப்பில். அதற்கு 2 ஆண்டு முன்னால் பக்கத்துத் தீவான மொரீஷியசின் லெ மோர்ன் மலை அதே பட்டியலுக்குள் போனது, பண்பாட்டுத் தலைப்பில். தப்பியோடிய அடிமைகள் அடைக்கலம் புகுந்த மலை என்பதற்காக. ஒரே கடல், ஒரே மாதிரி ஓட்டம். ஒரு மலைக்கு மனிதர்கள் காரணம், இன்னொன்றுக்குப் பறவையும் செடியும் அழகும் காரணம். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த அலமாரியில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து வருபவன் எதைப் பார்ப்பான் என்பதும்.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: கீழே இறங்கினால் கரும்புத் தோட்டம், தோட்டத்தோரம் வண்ணவண்ணமாய்க் கோபுரம், தீமிதி, காவடி. 1848 டிசம்பர் 20 அன்று அடிமைத்தனம் ஒழிந்து சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக நம்மாட்கள் கப்பலேறினார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும்வரை இது நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கோயிலைப் பார்த்ததும் 'அட, நம்ம ஆளுங்க!' என்று நெகிழ்ந்துவிடுகிறார்கள். நெகிழட்டும். ஆனால் அந்த நெகிழ்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. விடுதலை பெற்றவன் கூலியைப் பேரம் பேச முடியாதபடி செய்யத்தான் நம் தாத்தன் கூட்டிவரப்பட்டான். அது அவன் குற்றமில்லை, அவனும் ஏமாற்றப்பட்டவன். ஆனாலும் மேலே மலைக்கதையும் கீழே கரும்புக்கதையும் வேறுவேறு இல்லை. மேலே வேடிக்கை பார்க்க வந்த வெளியாள் மாதிரி ஒரு தமிழன் நடிக்க முடியாது.

எனக்குப் பிடித்த நடைக்காரர் வேறொருவர். இவ்ரின் போசே, மஃபாத்தின் தபால்காரர். 1951 முதல் ஏறக்குறைய 40 ஆண்டுகள் தபால் பையோடு இந்த ஏற்ற இறக்கங்களில் நடந்தவர். ஓடி ஒளியவும் இல்லை, விடுமுறையைக் கொண்டாடவும் இல்லை. கடிதம் போய்ச் சேரணும், அவ்வளவுதான். மஃபாத்தில் இன்றைக்கும் நடப்பது அந்த மாதிரிதான். நமக்குச் 'சவாலான' ஏற்றம் அவர்களுக்கு வீட்டுக்குப் போகிற வழி. அவர்கள் வீடு நிற்கிற நிலமும் அரசுடையது. குடியிருப்பவர்கள் அனுமதி பெற்று இருப்பவர்கள்.

ஆகவே நடப்பதிலோ மகிழ்வதிலோ தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. நான் மஃபாத்தை விரும்புவது அங்கே சாலை இல்லாததால். இன்ஜின் சத்தம் கேட்காத அந்த ராத்திரிக்குத்தான் காசு கொடுக்கிறேன். பிரசவ வலி வந்தவளுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கிழவருக்கும் அதே ராத்திரியில் ஹெலிகாப்டர் பறக்க மேகம் விடுமா என்பதுதான் கேள்வி. என் சுகத்துக்கு மூலப்பொருள் அவர்களுடைய இல்லாமை. நாளைக்கு அவர்களே சேர்ந்து 'எங்களுக்குச் சாலை வேண்டும்' என்று கேட்டால் முதலில் எழும் எதிர்ப்புக் குரல்கள் என்னைப் போன்றவர்களிடமிருந்துதான் வரும். காட்டைக் காப்பாற்றுங்கள், அழகைக் கெடுக்காதீர்கள் என்று கையெழுத்து வாங்குவோம். ஒருகாலத்தில் தீவின் ஆண்டைகள் இவர்கள் எங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு நான் கையெழுத்துப் போடுவேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். போடமாட்டேன் என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.