பெண் தலைமை: உரிமையா, பயனா?

ஆளும் பொறுப்பில் பெண்கள் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வது வழக்கம். ஒன்று உரிமையைச் சார்ந்தது: மக்களில் பாதிப்பேர் பெண்கள், ஆட்சியில் அவர்களுக்குப் பங்கு மறுப்பது அநீதி, இதற்கு மேல் காரணம் தேவையில்லை. மற்றது பயனைச் சார்ந்தது: பெண்கள் ஆண்டால் குடிநீர் வரும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், ஊழல் குறையும், காடு பிழைக்கும். வறுமை, தாய்சேய் மரணம், பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் சர்வதேச அறிக்கைகளுக்கு இரண்டாவது பதில்தான் பிடித்தமானது. பணம் கொடுப்பவருக்குப் பலனைக் காட்டியாக வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். 1995இல் உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு சுமார் 11 சதவீதம். இன்று சுமார் 27. இந்த வளர்ச்சிக்கு இரு வாதங்களும் கைகொடுத்தன. ஆனாலும் அவை ஒன்றல்ல, சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டவும் செய்கின்றன.

கேள்வி மிகப் பழையது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஐந்தாம் பகுதியில், நகரைக் காக்கும் காவலர்களில் பெண்களும் இருக்க வேண்டும் என்று சாக்ரடீஸ் வாதிடுகிறார். ஆணும் பெண்ணும் இயல்பில் வேறு, எனவே வேலையிலும் வேறுதான் என்ற மறுப்புக்கு அவர் தரும் பதில் கிண்டல் கலந்தது. தலையில் முடியுள்ளவரும் வழுக்கைத் தலையரும் வேறுபட்டவர்கள்தாம். அதற்காக வழுக்கையர் செருப்புத் தைத்தால் முடியுள்ளவர் தைக்கக் கூடாது என்பார்களா? எடுத்துக்கொண்ட வேலையை அந்த வேறுபாடு தொடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதே சமயம், பிளேட்டோ பெண்ணின் உரிமைக்காக இங்கே பேசவில்லை. திறமையுள்ளவர்களை வீட்டுக்குள் வைத்திருப்பது நகரத்துக்கு நஷ்டம் என்பதே அவர் கணக்கு. போதாததற்கு, பெண்கள் பொதுவாக எல்லாத் துறையிலும் ஆண்களைவிட வலுக்குறைந்தவர்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பயன் வாதத்தின் பிறப்பிடம் இதுதான் எனலாம். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ, ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் பெண்ணிடம் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்றார். அந்த அதிகாரக் குறைவு அவள் மனத்துக்குள் இருப்பதா, அவள் சொல்லைச் சபை ஏற்காததா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.

சமய மரபுகளில் இதே கேள்வி எந்தச் சான்று பெரிது என்ற விவாதமாக வருகிறது. 1988 டிசம்பரில் பெனசிர் புட்டோ பாகிஸ்தானின் பிரதமரானபோது, எதிர்த்தவர்கள் புகாரியின் தொகுப்பிலுள்ள ஒரு நபிமொழியை எடுத்துக்காட்டினர். தம் காரியங்களைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமுதாயம் வெற்றி பெறாது என்பது அதன் கருத்து. பாரசீகர்கள் தம் மன்னரின் மகளை அரியணை ஏற்றிய செய்தி கேட்டு நபிகள் சொன்னதாக அதை அறிவிப்பவர் நபித்தோழர் அபூ பக்ரா. மொராக்கோ சமூகவியலாளர் பாத்திமா மெர்னிஸி 1987இலேயே வெளியிட்ட நூலில் அறிவிப்பின் காலத்தைச் சுட்டிக்காட்டினார்: நபிகள் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 656இல் ஒட்டகப் போரில் நபிகளின் துணைவியார் ஆயிஷாவின் தரப்பு தோற்ற பிறகு நினைவுகூரப்பட்ட செய்தி அது. மரபுவழி அறிஞர்கள் பலர் மெர்னிஸியை ஏற்கவில்லை. வேறு சிலர், அந்தச் சொல் ஒரு பேரரசின் கதியைப் பற்றியது, பொதுவிதி அன்று என்றனர். குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்திலோ சபா நாட்டு அரசி வருகிறார். இறைத்தூதர் சுலைமானின் கடிதம் கிடைத்ததும் பிரதானிகளைக் கூட்டுகிறார். படைபலம் இருக்கிறது, முடிவு உங்களுடையது என்கிறார்கள் அவர்கள். மன்னர்கள் ஓர் ஊருக்குள் புகுந்தால் அதைப் பாழாக்குவார்கள் என்று எண்ணிப் பார்த்து, போருக்குப் பதில் அன்பளிப்பு அனுப்புகிறார். அவருடைய சூரிய வழிபாடு அங்கே கண்டிக்கப்படுகிறது, ஆட்சி கண்டிக்கப்படவில்லை. இரண்டு சான்றுகளில் எது பொதுவிதி என்று தீர்ப்புச் சொல்லும் இடங்களிலும் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்திருந்தார்கள் என்பதையும் மறந்துவிட முடியாது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1869இல் வெளியிட்ட ‘பெண்களின் அடிமைநிலை’ விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. பெண்ணின் இயல்பு என்று சொல்லப்படுவது நெடுங்கால அடக்குமுறையால் வளர்த்தெடுக்கப்பட்ட ஒன்று; உண்மையான இயல்பு இன்னதென்று யாருக்கும் தெரியாது என்றார் அவர். அதற்கு இரண்டாண்டு முன்பே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு 73 வாக்குகள் கிடைத்தன, எதிராக 196. நூறாண்டுக்கும் மேல் கழித்து, கரோல் கில்லிகன், சாரா ரட்டிக் போன்ற சிந்தனையாளர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். பிறரைப் பேணும் வேலையில் பழகியவர்களிடம் தனியான ஓர் அறநோக்கு வளர்கிறது, பொதுவாழ்வுக்கு அது தேவை என்பது அவர்கள் தரப்பு. கேட்க இனிமையான வாதம்தான். ஆனால் இதை அரசியலுக்குக் கொண்டுவரும்போது, வீட்டில் சுமத்திய வேலையையே சபையிலும் பெண்ணுக்கு ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. நிதியும் பாதுகாப்பும் ஆண்களுக்கு, சமூகநலம் பெண்ணுக்கு என்று அமைச்சரவைகள் இலாகா பிரிக்கும் பழக்கம் இப்படித்தான் நியாயம் பெறுகிறது.

பெண்ணின் இயல்பா, அவள் செய்யும் வேலையா என்ற இந்த வழக்குக்கு எதிர்பாராத ஒரு சோதனைக்களம் இந்தியாவில் கிடைத்தது. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சி ஒதுக்கீட்டில் வரும் என்பது சுழற்சி முறையில், கிட்டத்தட்ட குலுக்கல் போல முடிவானதால், ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். பெண் தலைவர் இருந்த ஊர்களில், இரு மாநிலங்களிலும், குடிநீருக்கு அதிகம் செலவிடப்பட்டது. குழாய்க்கிணற்றின் அடிபம்பு பழுதானால் அடுத்த பம்புக்குக் குடத்தோடு நடப்பது யார் என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

வியப்பு சாலையில் இருந்தது. மேற்கு வங்கத்தில் பெண் தலைவர்கள் சாலைக்கு அதிகம் செலவிட்டார்கள், ராஜஸ்தானில் குறைவாக. தாய்மை, பரிவு, பெண்மை என்று எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்த முரண் விளங்காது. ஊராட்சியிடம் பெண்கள் கொடுத்த மனுக்களைப் பார்த்தால் விளங்குகிறது. வங்கத்தில் ஆண்களைவிடப் பெண்களே சாலையைப் பற்றி அதிகம் முறையிட்டிருந்தார்கள். சாலைப்பணி அவர்களுக்குக் கூலி தரும் வேலை. ராஜஸ்தானில் வேலை தேடி வெளியூர் போய்வந்தவர்கள் ஆண்கள், அதனால் சாலைக்கான மனுக்களும் அவர்களுடையவை. ஆக, பெண் தலைவர்கள் பெண்களின் ‘இயல்பை’ச் சபைக்குக் கொண்டுவரவில்லை, அந்தந்த ஊரில் பெண்கள் செய்யும் வேலையைக் கொண்டுவந்தார்கள். மில் உயிரோடிருந்தால் இந்த அட்டவணைகளை விரும்பிப் படித்திருப்பார்.

எல்லா ஊரிலும் இதே முடிவு வரவில்லை. நான்கு தென் மாநிலங்களில் ராதூ பானும் விஜயேந்திர ராவும் நடத்திய ஆய்வு, பெண் தலைவர்களின் செயல்பாட்டில் ஆண் தலைவர்களிடமிருந்து பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. ஒதுக்கீடு நன்கு வேரூன்றிய இடங்களிலும் ஆதிக்கச் சாதியினரின் பிடி தளர்ந்த ஊர்களிலும் பெண்கள் மேலாகச் செயல்பட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. பயன் வாதத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இது சங்கடம். வித்தியாசம் தெரியாத ஊரில் பெண்ணின் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? ஆண் தலைவர்கள் இப்படி ஒரு தேர்வை எழுதியதே இல்லை. மனைவி பெயரில் பதவியும் கணவர் கையில் முத்திரையுமாக நடக்கும் ஊராட்சிகளைக் காட்டி ஒதுக்கீட்டைப் பழிப்பவர்கள், பண்ணையார் சொல்படி கையெழுத்திட்ட ஆண் தலைவர்களைக் காட்டி ஆண்களின் உரிமையைப் பறிக்கச் சொன்னதில்லை.

பயன் வாதம் மேலும் தடுமாறும் இடம் ருவாண்டா. அதன் 2003ஆம் ஆண்டு அரசியலமைப்பு முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 சதவீதத்தைப் பெண்களுக்கு உறுதிசெய்தது. 2008இல் உலகிலேயே முதன்முறையாக அங்கே நாடாளுமன்றக் கீழவையில் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள். 2013இல் அந்தப் பங்கு 64 சதவீதம். ஆனால் 2009இல் வந்த தொழிலாளர் சட்டம் முழுச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பைக் குறைத்தது. அதிகாரம் அதிபர் மாளிகையில் குவிந்திருக்கும் நாட்டில், அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதன் எடை குறைவு. இதே நாட்டில் 1994 இனப்படுகொலையின்போது குடும்பநலம், மகளிர் மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் பொலின் நிராமசுஹுகோ என்ற பெண். இனப்படுகொலைக் குற்றத்துக்காக 2011இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்குத் தண்டனை விதித்தது. பெண்கள் இயல்பிலேயே அமைதியை நாடுபவர்கள் என்ற கூற்றை இதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது கடினம்.

எந்தப் பெண் எந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறார் என்ற சிக்கலுக்குச் சென்னை மாகாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1927இல் சட்டசபைக்கு வந்து அதன் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதுவரை பெரும்பாலும் சமய ஆசாரம் என்று ஒதுங்கிக் கிடந்த விஷயம் மாகாணச் சட்டசபையில் பிரச்சினை ஆனதில் அவர் அங்கே இருந்ததற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் பலர், தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று எதிர்த்து மனு கொடுத்தார்கள். அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை உறுதியாக ஆதரித்தார். சட்டம் நிறைவேறியது 1947இல். சபையில் இருந்த ஒரே பெண் ஒரு தரப்பு. வெளியே நின்ற பெண்களோ இரண்டு தரப்பு. மகளிர் பிரதிநிதித்துவம் என்றால் ஒரு குரல் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைத் திரும்பப் படிக்கலாம். ஒருவரை வைத்துவிட்டுப் பெண்களுக்கு இடம் கொடுத்தாயிற்று என்று சொல்ல முடியாததற்குக் காரணமும் இதுவே.

உரிமைக்கும் பயனுக்கும் நடுவே ஒரு பாதையை அரசியல் சிந்தனையாளர்கள் ஆன் பிலிப்ஸ் 1995இலும் ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் 1999இலும் எழுதியவற்றில் காணலாம். ஒரு கோரிக்கை தெளிவாக உருவாகிவிட்டால் அதை யாரும் எடுத்துச் சொல்லலாம். கட்சி அறிக்கையில் எழுதி, ஆண் உறுப்பினர் ஒருவரிடமே கொடுத்துவிடலாம். இன்னும் உருப்பெறாத, பிரச்சினை என்றே யாரும் பெயர் சூட்டாத விஷயங்களுக்குத்தான் அதை அனுபவித்தவர் நேரில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வளர்ச்சித் துறைக்கு இது மிகவும் பொருந்தும். 1970களில் கென்யாவின் கிராமத்துப் பெண்கள் விறகு கிடைக்கவில்லை, ஓடை வற்றிவிட்டது, பிள்ளைகளுக்குச் சத்தான உணவில்லை என்று தனித்தனியாகச் சொன்ன குறைகளை ஒரே பிரச்சினையாக, காடழிவாக, வங்காரி மாத்தாய் கேட்டார். 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் அதிலிருந்து வந்தது. 2004இல் நோபல் அமைதிப் பரிசும் வந்தது. நிபுணர் குழுக்கள் அதுவரை விறகை எரிபொருள் துறையிலும் தண்ணீரைப் பாசனத் துறையிலும் தேடிக்கொண்டிருந்தன.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி 2022இல் முன்வைத்த பிரிட்ஜ்டவுன் திட்டம், புயல் அடித்த நாட்டின் கடன் தவணையைத் தள்ளிவைக்க வழிசெய்யும்படி கேட்டது. அதைப் பெண் பார்வை என்பதைவிடக் கடல் நடுவில் கடனோடு இருக்கும் சிறு தீவின் பார்வை என்பதே பொருத்தம். 1987இல் ‘நமது பொது எதிர்காலம்’ அறிக்கையைத் தந்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்ற நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்டும் மருத்துவராகவும் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் பெற்ற அனுபவத்தோடு வந்தவர். பெண் தலைவர் செய்ததையெல்லாம் பெண்மையின் கணக்கில் வரவு வைப்பது அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். அமர்த்தியா சென் 1999இல் எழுதிய ‘வளர்ச்சி எனும் சுதந்திரம்’ நூலில் பெண்களின் நலனையும் அவர்களின் செயலாண்மையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இங்கே உதவுகிறது. நலத்தைப் பெறுபவர் ஒருவர். எது நலம் என்று முடிவுசெய்பவர் இன்னொருவர். குடிநீர் வந்துவிட்டாலும், முடிவுசெய்யும் இடத்திலிருந்து விலக்கப்பட்ட பெண்ணுக்குச் செய்த அநீதி அப்படியேதான் இருக்கிறது.

மிச்சமிருப்பது பொறுப்புக்கூறல். பிரதிநிதி தம்மைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அடுத்த தேர்தல்தான் அதற்கான இடம். சுழற்சி ஒதுக்கீட்டில் ஒரு பெண் ஐந்தாண்டு முடிக்கும்போது அவருடைய இடம் பல நேரங்களில் பொதுவாகிவிடும். கட்சியும் ஊரும் பெரும்பாலும் ஆணையே நிறுத்தும். நன்றாக ஆண்டவருக்கும் மோசமாக ஆண்டவருக்கும் முடிவு ஒன்றாகிவிடுகிறது. இருந்தும் பீர்பூமில் காலப்போக்கில் ஒரு மாற்றம் தென்பட்டது. முதன்முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் ஆண்கள் அவரைக் குறைவாகவே மதிப்பிட்டனர். இரண்டாம் முறை அந்தக் குறை மறைந்தது. அடுத்தடுத்து இருமுறை ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெண்கள் பொது இடங்களில் நின்று வென்றார்கள். அந்த மாவட்டத்தின் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு, இருமுறை பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் பள்ளிப்படிப்பில் ஆண் பெண் இடைவெளியே இல்லாமல் போனதையும், சிறுமிகள் வீட்டுவேலையில் செலவிடும் நேரம் குறைந்ததையும் பதிவு செய்தது.